ட்ரைபல் பெல்லி டான்ஸ் விழாவுக்கு ஜெர்மனி போகிறேன்: விசா, வெள்ளி நகை, ஒர்க்‌ஷாப் பற்றிச் சில சந்தேகங்கள்

தேவகோட்டை சலங்கை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தேவகோட்டையில் வீட்டு முகப்பிலேயே பிள்ளைகளுக்குப் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கிறேன். கொரோனா ஊரடங்கில் ஆன்லைன் வகுப்பு ஒன்றில் சேர்ந்து ட்ரைபல் பெல்லி டான்ஸ் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன், இன்னும் விடவில்லை. துபாய் ஹோட்டல்களில் பளபளவென்று ஒருத்தர் தனியாக ஆடுவாரே, அந்த வகை இல்லை இது. கரோலினா நெரிச்சியோ 1987-ல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ஃபேட்சான்ஸ் பெல்லிடான்ஸ் குழுவின் பாணி. இரண்டு பேர், மூன்று பேர், நான்கு பேர் என்று சேர்ந்துதான் ஆடுவோம். முன்கூட்டியே கோர்த்து வைத்த உருப்படி கிடையாது. முன்னால் நிற்பவர் கையை எப்படி எடுக்கிறார், தோளை எந்தப் பக்கம் திருப்புகிறார் என்று பார்த்து, அடுத்த அசைவை மற்றவர்கள் அந்தக் கணத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். விரலில் ஜில்ஸ் என்ற சின்னத் தாளங்களை மாட்டிக்கொண்டு தாளமும் நாமே போட வேண்டும்.

அடுத்த மே மாதம் ஜெர்மனியில் மூன்று நாள் விழா ஒன்று இருக்கிறது. எங்கள் ஆன்லைன் வகுப்பில் இருக்கும் ஒரு போலந்துக்காரி, ஒரு ஸ்பெயின்காரி, நான் மூன்று பேருமாக ஓபன் ஸ்டேஜில் ஆட இடம் கிடைத்திருக்கிறது. சம்பளம் எதுவும் இல்லை. நாங்கள்தான் அவர்களுக்குக் கட்டணம் கட்டுகிறோம்.

என் சந்தேகங்கள்: விசா படிவத்தில் ஆடப் போகிறேன் என்று எழுதலாமா, இல்லை பேசாமல் சுற்றுலா என்று போட்டுவிடலாமா? அப்புறம் நகை. இந்த ஆட்டத்துக்கு ஆப்கானிஸ்தான் பக்கத்துக் கூச்சி நாடோடி மக்களின் நகைகளைத்தான் எல்லோரும் போடுவார்கள். எங்கள் ஆயா வீட்டுப் பெட்டகத்திலிருந்து எனக்கு வந்த வெள்ளி ஒட்டியாணமும் தண்டையும் காப்பும் இருக்கின்றன. பர்மாவில் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன காலத்தில் செய்தது என்பார்கள். அதைப் போட்டுக்கொண்டு ஆட வேண்டும் என்று ஆசை. மூன்றாவது, ஒர்க்‌ஷாப் பட்டியல் ரொம்ப நீளமாக இருக்கிறது. எதை எடுப்பது, எதை விடுவது?

வீட்டில் பிரச்சினை இல்லை. மாமியாருக்கு வீடியோ காட்டினேன். "பாவாடை நல்லா இருக்கு, எத்தனை கெஜம்?" என்றார்கள். இருபத்தைந்து என்றேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

டிக்கெட் அண்ணன், காரைக்குடி:

தங்கச்சி, ஒளிக்க வேண்டாம். சம்பளமில்லாமல் ஆர்வத்துக்கு ஆடுவதை மறைத்து என்ன ஆகப்போகிறது? விழா நடத்துபவர்களிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். உங்கள் பெயர், பாஸ்போர்ட் எண், விழாத் தேதி, நீங்கள் பணம் கட்டிப் பங்கெடுப்பவர், மேடையில் ஆடுவதற்கு ஊதியம் எதுவும் கிடையாது என்று நாலு வரி இருந்தால் போதும். அதை விண்ணப்பத்தோடு வையுங்கள். பணம் வாங்கி ஆடுவதும், பணம் வாங்கி வகுப்பு எடுப்பதும் வேறு கணக்கு. அங்கே போன பிறகு யாராவது "இருநூறு யூரோ தருகிறோம், ஒரு பரதநாட்டிய வகுப்பு எடுங்கள்" என்று கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஜெர்மனிக்கு வேண்டியது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா. அதற்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்னாலிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாளுக்குள் போய் நிற்கக் கூடாது. மே மாதம் கூட்டம் அதிகம், பொங்கல் முடிந்ததும் வேலையை ஆரம்பித்துவிடுங்கள். விசாக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ, சென்னை விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பாஸ்போர்ட் 10 வருடத்துக்குள் கொடுக்கப்பட்டதாகவும், நீங்கள் அங்கிருந்து கிளம்பிய பிறகும் 3 மாதம் செல்லுபடியாகிறதாகவும், இரண்டு பக்கம் காலியாகவும் இருக்கட்டும். விண்ணப்பிப்பதற்கு முந்தின வாரம் யாரிடமாவது கைமாற்று வாங்கி பேங்கில் லட்சக்கணக்கில் போட்டுக் காட்டாதீர்கள். அது உதவாது, சந்தேகத்தைத்தான் கிளப்பும். நாட்டியப் பள்ளி வருமானத்துக்கு வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்திருந்தால் அது நல்ல ஆதாரம்.

போலந்துத் தோழி வீட்டுக்கும் போகிற திட்டம் இருந்தால், எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும்.

டிக்கெட் விஷயம். நமக்குத் திருச்சி பக்கம்தான், ஆனால் திருச்சியிலிருந்து ஒரு டிக்கெட், துபாயிலிருந்து வேறு கம்பெனியில் இன்னொரு டிக்கெட் என்று பிரித்துப் போட்டால் பெட்டி தானாக மாறாது. நடுவில் நீங்களே எடுத்து மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும், அதற்கு அந்த ஊர் விசாவும் வேண்டியிருக்கலாம். ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள். சென்னையிலிருந்து ஃபிராங்க்பர்ட்டுக்கு நேரடி விமானம் இருக்கிறது. காலையில் பல்லவன் ரயில் ஏறினால் மதியம் சென்னை, சாப்பிட்டுப் படுத்து எழுந்து ராத்திரி விமான நிலையம் போய்விடலாம்.

முனீஸ்வரன் கோவில் தெரு:

காரைக்குடியில் இந்தத் தெருவில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறேன், அதனால் நகையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பர்மாக் காலத்து ஒட்டியாணம் என்கிறீர்கள். 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 வருடத்துக்கு மேற்பட்ட கைவினைப் பொருளைத் தனியார் யாரும் நாட்டை விட்டு எடுத்துப் போக முடியாது. எங்கள் கடைக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லியே வாய் வலிக்கிறது. வீட்டு நகைதானே என்று உங்களுக்குத் தோன்றும், ஏர்போர்ட்டில் நிற்கும் அதிகாரிக்கு அது பழம்பொருளா இல்லையா என்பதுதான் கேள்வி. பர்மா வரவு என்றால் பாதிக்குப் பாதி அந்த வயதைத் தாண்டித்தான் இருக்கும். சந்தேகம் இருந்தால் தொல்லியல் துறையிடம் காட்டிப் பழம்பொருள் இல்லை என்று சான்று வாங்கலாம். மூன்று நாள் ஆட்டத்துக்காக அவ்வளவு அலைவீர்களா, நீங்களே முடிவு செய்யுங்கள்.

புதிய வெள்ளியாக இருந்தாலும் கனமாகக் கொண்டுபோனால், கிளம்பும்போதே சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் திரும்பி வரும்போது அங்கே வாங்கியதா என்று கேட்டு வரி போடுவார்கள். ரசீது இருந்தால் எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் நகை மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்குங்கள்.

ஒட்டியாணம் பெட்டகத்திலேயே இருக்கட்டும் ஆச்சி. அதே சாயலில் ஆக்ஸிடைஸ்டு நகை மதுரையில் கிடைக்கும். மேடையிலிருந்து நாலு அடி தள்ளிப் பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

சிவகங்கைச் சீமை:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். இந்த ஆட்டத்து உடுப்பில் ஜாக்கெட் நம்முடையது, பாவாடை ராஜஸ்தானுடையது, பொட்டும் மருதாணியும் நம்முடையது. அதை வெள்ளைக்காரி எடுத்துக் கட்டிக்கொண்டு ஆடுகிறாள், நாம் பணம் கட்டி அங்கே போய் அதைக் கற்றுக்கொள்ள வேண்டுமா? நம்ம ஊரில் ஒயிலாட்டமும் கரகாட்டமும் ஆள் இல்லாமல் கிடக்கின்றன.

கானாடுகாத்தான் ஆச்சி:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன், சீமைக்காரர் கேட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருந்த வருடங்களில் மாலை வகுப்பில் சேர்ந்து இதைக் கற்றுக்கொண்டவள். ஐரோப்பாவில் இந்த மாதிரி விழாக்களுக்கும் போயிருக்கிறேன். இப்போது ஊரோடு வந்து வீட்டையும் வளவையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி, உடுப்பில் நம்முடையது இருப்பது உண்மை. பொட்டு வைத்து முகமெல்லாம் புள்ளி குத்திக்கொண்டு வருபவர்களைப் பார்த்து எனக்கும் முகம் சுளித்திருக்கிறது. ஆனால் ஆட்டம் நம்முடையது இல்லை. இடுப்பும் வயிறும் தனித்தனியாகப் பேசுவது எகிப்து, துருக்கி, வட ஆப்பிரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது. கை வீச்சில் கொஞ்சம் ஸ்பெயின் நாட்டு ஃபிளமென்கோ உண்டு. ஜமீலா சலீம்பூர் 1968-ல் கலிஃபோர்னியாச் சந்தை விழா ஒன்றில் ஆடுவதற்காக பல் அனத் என்ற குழுவைக் கட்டினார். அவரிடம் படித்தவர் மாஷா ஆர்ச்சர், மாஷாவிடம் படித்தவர் கரோலினா. அந்தத் தங்கச்சி காசு கொடுத்துக் கற்றுக்கொள்ளப்போவது கரோலினா வகுத்த சைகை முறையை. முன்பின் பார்த்திராத நாலு பெண்கள், ஒருத்தர் மொழி ஒருத்தருக்குத் தெரியாமல், ஒத்திகையே இல்லாமல் ஒன்றாக ஆட முடிகிறது என்றால் அது அந்த முறையால்தான். ஒயிலாட்டம் கற்றுக்கொள்ள வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? பக்கத்துத் தெருவில் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால் என் பேத்தியை முதலில் நான்தான் அனுப்புவேன்.

இனி உனக்கு, தேவகோட்டை. என் மகள் வயது இருக்கும், நீ என்றே எழுதுகிறேன்.

முதலில் நீ கேட்காத ஒன்று. உங்கள் மூன்று பேருக்கும் ஆன்லைனில்தான் பழக்கம் என்கிறாய். அப்படியென்றால் நீங்கள் இன்னும் சேர்ந்து ஆடியதே இல்லை. வீடியோ அழைப்பில் படமும் சத்தமும் கொஞ்சம் பிந்தித்தான் வரும். அவள் கையைத் தூக்குவதை நீ பார்க்கும்போது அங்கே அந்த அடி முடிந்திருக்கும். ஜில்ஸ் சத்தத்தை அந்த மென்பொருள் இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும். தனித்தனியே அசைவுகளைக் கற்றுக்கொள்ள ஆன்லைன் போதும், ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் ஆட அது உதவாது. அதனால் விழாவுக்கு இரண்டு நாள் முன்பே போய்ச் சேருங்கள். ஒரு அறையோ, தங்கும் இடத்துக் கூடமோ, எதுவாக இருந்தாலும் சரி, மூன்று பேரும் நின்று பழகுங்கள். டிக்கெட்டில் மிச்சம் பிடிக்கிற பணத்தை விட அந்த இரண்டு நாள் முக்கியம்.

போவதற்கு முன்பே எந்தெந்த அசைவு மூன்று பேருக்கும் பொது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஊர்க் குழுவும் தனக்கென்று சில அசைவுகளைச் சேர்த்து வைத்திருக்கும். உன் ஸ்பெயின்காரி தன் ஊர்ச் சைகை ஒன்றைக் கொடுத்தால் நீ திருதிருவென்று முழிப்பாய். எகிப்ஷியன் பேசிக், அராபிக், பம்ப், மெதுவான பகுதிக்கு டாக்ஸிம், கை அலை என்று கொஞ்சமாக இருந்தாலும் மூன்று பேரும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்யும்படி இருக்கட்டும். பார்க்கிறவர்களுக்கு எத்தனை வகை என்பது கணக்கே இல்லை, மூன்று பாவாடையும் ஒரே நேரத்தில் திரும்புகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

பரதநாட்டியக்காரர்களுக்கு இதில் ஒரு தொல்லை உண்டு. அரைமண்டி பழகிய முழங்கால் சும்மா இருக்காது, உட்காரப் பார்க்கும், பாதம் தட்டப் பார்க்கும். இதில் முழங்கால் லேசாகத் தளர்ந்திருந்தால் போதும், பாதம் தரையில் சத்தமில்லாமல் இருக்க வேண்டும், மார்புக்கூடு தூக்கி நிற்க வேண்டும். அபிநயமும் வேண்டாம். கண்ணை உருட்டினால் பக்கத்தில் ஆடுகிறவளுக்கு அது ஏதோ சைகை போலத் தெரியும். ஆனால் தாளம் உனக்குச் சொத்து. ஜில்ஸ் அடிப்பது வலது, இடது, வலது, ஒரு இடைவெளி. தகிட என்று மூன்று சொல்லி ஒரு இடம் விடுவதுதானே? அதை மற்றவர்கள் மாதக்கணக்கில் பழகுவார்கள். நீ ஒரு வாரத்தில் பிடித்திருப்பாய்.

ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறேன். ஒவ்வொன்றும் இரண்டு மணி, மூன்று மணி நேரம் நடக்கும். மூன்று நாளும் காலையும் மாலையும் எடுத்தால் கடைசி நாள் மாடிப்படி ஏற முடியாது, உன் மேடை வேறு இருக்கிறது. இரண்டு எடு, மிஞ்சிப்போனால் மூன்று. ஒன்று, உன் பாணியின் அடிப்படையையே மறுபடி கற்றுத்தரும் வகுப்பு. ஃபேட்சான்ஸில் ஜெனரல் ஸ்கில்ஸ் என்ற அடிப்படைப் பயிற்சியும் ஆசிரியர் பயிற்சியும் முடித்தவர்கள் எடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேரு. "இதுதான் எனக்குத் தெரியுமே" என்று தோன்றும். இத்தனை வருடம் திரையில் பார்த்த தோள்பட்டையை ஒருத்தர் கையால் தொட்டு இறக்கிவிடும்போதுதான் அது இவ்வளவு நாள் எங்கே இருந்தது என்று தெரியும். இன்னொன்று, உனக்குச் சுத்தமாகப் பழக்கமில்லாதது. ஃப்யூஷன் வகுப்பு இருந்தால் எடு. ஜில் பார்க்கர், ரேச்சல் பிரைஸ் போன்றவர்கள் வழியாக வளர்ந்த கிளை அது. பாம்பு ஊர்வது மாதிரி மெதுவாக, ஒவ்வொரு தசையாக ஓடும், பெரும்பாலும் தனியாள் ஆட்டம். வாளைத் தலையில் நிறுத்தி ஆடும் வகுப்பெல்லாம் வேடிக்கையாக இருக்கும், இந்தத் தடவை விட்டுவிடு. வாள் வாங்கினால் கொண்டுவருவது எப்படி?

தேடும்போது ஒரு விஷயம். ட்ரைபல் என்ற பெயர் பழங்குடி மக்களைக் குறிப்பதால் பலருக்கு உறுத்தியது. கரோலினாவே 2020-ல் அமெரிக்கன் ட்ரைபல் ஸ்டைல் என்பதை விட்டு ஃபேட்சான்ஸ் ஸ்டைல் என்று மாற்றிவிட்டார். ஃப்யூஷன்காரர்களில் பலர் இப்போது ட்ரான்ஸ்நேஷனல் ஃப்யூஷன் என்று போடுகிறார்கள். எல்லாப் பெயரிலும் தேடினால்தான் விழாக்கள் கண்ணில் படும். யூடியூபில் கலிஃபோர்னியாவின் செபாஸ்டபோலில் நடந்த ட்ரைபல் ஃபெஸ்ட் வீடியோக்கள் குவிந்து கிடக்கும், பார்த்தால் இப்போதே கிளம்பத் தோன்றும். அது நின்றுபோன விழா, அதற்கு ஆசைப்பட்டு அமெரிக்க விசா எடுக்காதே.

உடுப்பு. இருபத்தைந்து கெஜம் என்றால் ஏறக்குறைய 23 மீட்டர். கண்டாங்கியில் தைக்கலாம் என்று உனக்குத் தோன்றியிருக்கும், எனக்கும் தோன்றியது. கணக்குப் போட்டால் ஒரு சேலை போதாது, அதுவும் அந்தக் கெட்டிப் பருத்தி, சுற்றும்போது எழும்பவே எழும்பாது, பெட்டியிலும் பாதி எடை அதற்கே போய்விடும். பாவாடையை மல் துணியில் தை. கண்டாங்கியை இடுப்பில் மடித்துக் கட்டிக்கொள், அரக்கு நிறக் கரை விளக்கு வெளிச்சத்தில் நன்றாக எடுக்கும். முதுகுப் பக்கம் முடிச்சுப் போடும் சோளியை நம்ம ஊர்த் தையல்காரரிடமே தைத்துக்கொள்ளலாம். விழாவில் விற்பனைக் கூடம் என்று ஒரு பெரிய ஹால் இருக்கும். அங்கே நம்ம ஊர்க் கண்ணாடி வேலைத் துணியை யூரோவில் விற்பார்கள், பார், வாங்காதே. ஜில்ஸ் மட்டும் வாங்கலாம். அடித்துப் பார்த்து, காதுக்குப் பிடித்ததை எடு.

சோளி, ஜில்ஸ், இடுப்புக் குஞ்சம் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். பெட்டி வராவிட்டாலும் பாவாடையை யாராவது கடன் கொடுப்பார்கள், சோளி அளவு கிடைக்காது. பாதத்துக்கு மென்மையான நடனக் காலணி ஒன்று வைத்துக்கொள், மே மாதத்திலும் அங்கே தரை சில்லென்று இருக்கும். சாப்பாட்டுக்குச் சீப்புச் சீடை, தேன்குழல், பருப்புப் பொடி போதும். இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பாவுக்குள் விடமாட்டார்கள், பால்கோவா கட்டிக் கொடுக்க உன் மாமியார் முனைந்தால் தடுத்துவிடு.

கடைசியாக, நீ பிள்ளைகளுக்கு ஆசிரியை. மேடைப் படங்களை விழாக்காரர்கள் இணையத்தில் போடுவார்கள். உனக்குச் சம்மதம் இல்லையென்றால் பதிவு செய்யும்போதே எழுதிக் கொடு, மதிப்பார்கள். சம்மதம் என்றால் நீயே முதலில் உன் பக்கத்தில் போட்டுவிடு. பிள்ளைகளின் அம்மாக்கள் உன்னிடமிருந்து பார்ப்பது ஒரு விதம், வேறு யாரோ அனுப்பிப் பார்ப்பது ஒரு விதம்.

தேவகோட்டை சலங்கை எழுதியது:

ஆச்சி, வீடியோ அழைப்பில் நாங்கள் சேர்ந்து ஆடுவதாகத்தான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்! தோழிகளிடம் சொன்னேன், இருவரும் இரண்டு நாள் முன்னதாக வர ஒத்துக்கொண்டார்கள். ஒட்டியாணம் பெட்டகத்துக்கே போகிறது. முனீஸ்வரன் கோவில் தெரு அண்ணனுக்கு நன்றி. விசாக் கடிதத்துக்கும் எழுதிவிட்டேன், டிக்கெட் அண்ணன் சொன்ன நாலு வரியையும் அப்படியே அனுப்பியிருக்கிறேன்.

இன்னும் ஒன்றே ஒன்று. நாலு நிமிடத்துக்குள் பாட்டு வேண்டும் என்கிறார்கள். நான் தமிழ்ப் பாட்டு எடுக்கட்டுமா? அப்புறம் முதலில் முன்னால் நிற்பது யார் என்று மூன்று பேருக்கும் பேச்சு நடக்கிறது, எல்லோரும் என்னை நிற்கச் சொல்கிறார்கள்.

கானாடுகாத்தான் ஆச்சி:

தமிழ்ப் பாட்டு வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் வார்த்தை உள்ள பாட்டு என்றால் உன் உடம்பு அர்த்தத்துக்கு ஆடப் போகும், மற்ற இருவருக்கும் அர்த்தம் தெரியாது. வாத்திய இசையாக, நான்கு எண்ணிக்கையில், நிதானமான வேகத்தில் ஒன்று எடு. நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த சின்ன உருப்படி கிடைத்தால் கேட்டுப் பார், ஆதி தாளம் என்றால் அவர்கள் எட்டாக எண்ணிக்கொள்வார்கள். நடுவில் வேகம் கூடாமல் இருக்க வேண்டும், தவில் தனி வந்தால் மூன்று பேரும் தொலைந்தீர்கள்.

நீ முதலில் நிற்காதே. மூன்று பேர் ஆட்டத்தில் எப்படியும் சுற்றிச் சுற்றி ஒவ்வொருவரும் முன்னால் வருவீர்கள். முதல் நிமிடம் மேடை விளக்கு கண்ணில் அடிக்கும், காது அடைத்த மாதிரி இருக்கும். அந்த ஒரு நிமிடம் இடது முன் மூலையில் போலந்துக்காரி நிற்கட்டும், நீ பின்னால் நின்று அவள் முதுகைப் பார்த்து ஆடு. அவள் முதல் தடவை திரும்பி இடம் விடும்போது நீ முன்னால் போ. பாட்டு முடியும்போது யார் முன்னால் இருப்பது என்பதை மட்டும் பேசி முடிவு செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் மூன்று பேரும் மூன்று பக்கம் கும்பிட்டுக்கொண்டு நிற்பீர்கள்.